கையெழுத்து ஒருவர், ஸ்டியரிங் இன்னொருவர்

கேள்வி: வருகிற கார்த்திகையில் எங்கள் அப்பச்சிக்குச் சதாபிஷேகம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறான். திருச்சி விமான நிலையத்திலேயே ஒரு சொகுசு செடான் காரை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டி வருவானாம். நாளுக்கு 14,000 ரூபாய், 200 கிலோமீட்டர் வரை. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 60 ரூபாய். டெபாசிட் 1 லட்சம். சேதமானால் 75,000 வரை எங்கள் பொறுப்பு. வண்டி சென்னையிலிருந்து வர வேண்டுமென்று அதற்கு 9,000 தனி. இதெல்லாம் அவன் பாடு. ஆனால் கம்பெனியில் இந்திய லைசென்ஸ் கேட்கிறார்களாம். "அத்தான் பேர்ல புக் பண்ணிடுங்க, ஓட்டப்போறது நான்தானே" என்கிறான். என் வீட்டுக்காரரும் சரி என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் பெயரில் எடுக்கலாமா? விசேஷத்தன்று அந்த வண்டிக்குப் பூ அலங்காரம் செய்யலாமா?

- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் மனசு சொன்னதைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயரில் எடுக்க வேண்டாம். வாடகை, டெபாசிட், கிலோமீட்டர் எல்லாம் பேசிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். (காரைக்குடிப் பக்கம் சர்வேயர் என்றாலே நிலம் அளக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு மனை விவகாரம் கேட்டும் கடிதம் வருகிறது. அது வேறு ஆள்.) மோதிய வண்டி, உரசிய வண்டி, தண்ணீரில் நின்ற வண்டி இவற்றைப் பார்த்து, சேதம் எவ்வளவு, எப்படி ஆனது என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சேதமான வண்டி முன்னால் போய் நின்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "யார் ஓட்டினது? லைசென்ஸைக் காட்டுங்க" என்பதுதான். அதற்குச் சரியான பதில் இல்லையென்றால் அப்புறம் நான் அளப்பதெல்லாம் வீண்.

தம்பி சொல்கிற மாதிரி செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும், அதில் ஓட்டுநராகப் பெயர் எழுதப்பட்டவரும் மட்டுமே வண்டியை ஓட்டலாம் என்று எல்லாக் கம்பெனிகளும் எழுதி வைத்திருக்கும். வேறொருவர் ஓட்டிச் சேதமானால், "75,000 வரைதான் உங்கள் பொறுப்பு" என்ற அந்த வரம்பு போய்விடும். மொத்தச் சேதத்தையும் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்பார்கள். அதாவது உங்கள் வீட்டுக்காரரிடம். இது கம்பெனிக்கும் அவருக்கும் உள்ள கணக்கு.

அடுத்தது இன்சூரன்ஸ். பாலிசியில் பொதுவாக ஓட்டுநர் பெயர் இருக்காது. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம் என்றுதான் இருக்கும். சிங்கப்பூர் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்டினால் அது செல்லுபடியாகும் லைசென்ஸ் ஆகாது. வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. வெளியாள் ஒருவருக்குக் காயம் பட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்தாலும், பிறகு திருப்பி வசூலிக்க வழி தேடும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு மோட்டார் வாகனச் சட்டப்படி 5,000 ரூபாய் அபராதம் வேறு. அது இதிலெல்லாம் சின்னக் காசு.

"ஏதாவது ஆனால் அத்தான் ஓட்டினதாகச் சொல்லிக்கலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். நம் பக்கத்தில் இது சகஜமாகவே நடக்கிறது. சீட் எவ்வளவு பின்னுக்குத் தள்ளி இருக்கிறது என்பதிலிருந்தே ஓட்டியவரின் உயரம் தெரிந்துவிடும். வழியில் சுங்கச்சாவடிக் கேமரா இருக்கிறது. வாடகை வண்டியில் ஜிபிஎஸ்ஸும் இருக்கும். போலீசில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அது பொய் என்று ஆனால், விபத்து வழக்கோடு இன்னொரு வழக்கும் சேரும். உங்கள் வீட்டுக்காரருக்கு இது தேவையா?

தம்பிக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது. பெரிய செலவும் இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுருக்கமாக ஐடிபி. சிங்கப்பூரில் அதை ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூர் கொடுக்கிறது. ஓர் ஆண்டு செல்லும். லைசென்ஸ் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில்தான் ஐடிபி வாங்க முடியும். இங்கே வந்து இறங்கிய பிறகு காரைக்குடி ஆர்டிஓ அலுவலகத்தில் போய் நின்று பயனில்லை. ஆகவே புறப்படும் முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள். ஆன்லைனில் காசு கட்டினால் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சில தளங்கள் ஐடிபி போலவே ஒரு புத்தகத்தை விற்கின்றன. அதற்கு மதிப்பு கிடையாது. ஐடிபியோடு சிங்கப்பூர் லைசென்ஸ் அசலும் கையில் இருக்க வேண்டும்.

அவனிடம் பழைய தமிழ்நாட்டு லைசென்ஸ் இருந்தால் அதையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலாவதியாகி ஓர் ஆண்டுக்குள் என்றால் ஓட்டிக் காட்டாமலே புதுப்பிக்கலாம். ஓர் ஆண்டைத் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், சதாபிஷேக அவசரத்தில் அது நடக்கிற காரியமில்லை. இரண்டு ஊரிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம், அதனால் கை பழகுவதில் சிரமம் இருக்காது. புதுக்கோட்டை தாண்டி ராத்திரியில் ரோட்டின் நடுவே படுத்திருக்கும் மாட்டுக்குத்தான் சிங்கப்பூரில் பழக்கம் கிடையாது.

ஐடிபி வந்ததும் தம்பி பெயரிலேயே புக் செய்யட்டும். இந்திய லைசென்ஸ்தான் வேண்டும் என்று கம்பெனி பிடிவாதம் பிடித்தால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் நடுவில் ஓட்டுவார் என்றால் அவர் பெயரை இரண்டாவது ஓட்டுநராக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது நிற்காது.

வண்டி கையில் வரும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு வருவதற்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளை போர்டு வந்தால் சாவியைத் தொடாதீர்கள். முகூர்த்த மாதங்களில் "நம்ம பையன் வண்டிதான், சும்மா நிக்குது, எடுத்துக்கங்க" என்று நம் ஊரிலும் சொகுசு வண்டிகள் வாடகைக்குச் சுற்றுகின்றன. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று தெளிவாக இருக்கும். சேதமானால் இன்சூரன்ஸ் கிடையாது. வழியில் பிடித்தால் வண்டியும் போய்விடும், விசேஷத்துக்கு ஆட்டோதான். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வண்டியின் வகை, இன்சூரன்ஸ், எஃப்சி தேதி எல்லாம் வந்துவிடும்.

இப்போது அந்த 75,000. ஏதோ பெரிய விபத்துக்கான தொகை என்று நினைக்க வேண்டாம். எந்தச் சேதம் ஆனாலும் முதல் 75,000 உங்களுடையது என்று பொருள். இந்த ரக வண்டிகளில் ஹெட்லைட் ஒன்றே லட்சத்தைத் தாண்டும். முகப்பில் பூச்சட்டி ஏற்றி வந்த டெம்போ பின்னால் எடுக்கும்போது லேசாக இடித்தால் போதும், டெபாசிட்டில் முக்கால்வாசி முடிந்தது. அதோடு டயர், ரிம், கண்ணாடி, அடிப்பகுதி, சாவி தொலைந்தால் ஆகும் செலவு இவை அந்த வரம்புக்குள் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் வராது. வண்டி பணிமனையில் நிற்கும் நாட்களுக்கும் வாடகை கேட்பார்கள். அதற்கு ஓர் உச்சவரம்பு எழுதி வாங்குங்கள்.

அடிப்பகுதி என்றதும் இதைச் சொல்ல வேண்டும். திருமயம் பக்கம் ஒரு ஊருக்கு இப்படி ஒரு வாடகை வண்டியைப் பார்க்கப் போனேன். கிராமத்து வேகத்தடை, வெள்ளைக்கோடு இல்லை, ஆளுக்கொரு உயரத்தில் போட்டுவைத்தது. நான்கு பேரும் பெட்டிகளுமாகப் பாரம் ஏறியதில் வண்டி தாழ்ந்திருக்கிறது. 'டங்' என்று ஒரு சத்தம். ஓட்டியவர் இறங்கிப் பார்க்கவில்லை, வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டிவிட்டார். வேகத்தடையிலிருந்து வீட்டு வாசல் வரை தார் ரோட்டில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. ஆயில் தொட்டி பிளந்து ஒழுகிய தடம். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வண்டிக்கே போய்ச் சேரலாம், அப்படி இருந்தது. ஆயில் இல்லாமல் ஓடியதில் என்ஜின் இறுகிவிட்டது. தொட்டி உடைந்தது விபத்து, அதற்கு இன்சூரன்ஸ் உண்டு. உடைந்த பிறகும் ஓட்டியதால் என்ஜின் போனது பின்விளைவு; சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் கிடையாது. தொட்டி சில ஆயிரங்களில் முடிகிற வேலை, என்ஜின் லட்சக்கணக்கு. அடியில் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்தி, குனிந்து பார்த்து, சொட்டினால் சாவியை எடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டும். தம்பிக்கு இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

மழைக்கும் இதே நியாயம்தான். கார்த்திகை என்றால் வடகிழக்குப் பருவமழை நேரம். நம் ஊர்த் தெருக்கள் மழைத்தண்ணீர் ஊரணிக்கு ஓடட்டும் என்று வாட்டம் பார்த்துப் போட்டவை. நல்ல மழையில் அரை மணி நேரம் தெருவே வாய்க்கால்தான். அது வடியட்டும். தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். பாலிசியில் 'என்ஜின் புரொடெக்ட்', அதாவது இப்படி என்ஜின் போனாலும் பணம் தரும் கூடுதல் காப்பு, சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

பஞ்சரும் சாதாரண விஷயமில்லை. இந்த ரகத்தில் சில வண்டிகளுக்கு ஸ்டெப்னியே கிடையாது, காற்று போனாலும் கொஞ்சதூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர் போட்டிருப்பார்கள். அந்த அளவில் காரைக்குடிக் கடைகளில் உடனே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஸ்டெப்னி இருக்கிற வண்டிகள் பலவற்றில் அது டிக்கிக்குள்ளேயே மேடாக உட்கார்ந்திருக்கும். சிங்கப்பூர்ப் பெட்டிகள் நாலு அதில் ஏறாது. இரண்டு பெட்டி மடியில் வரும், இல்லையென்றால் பின்னால் இன்னொரு வண்டியில் வரும்.

அப்பச்சியைப் பற்றியும் யோசியுங்கள். செடானின் சீட் தாழ்வானது. எண்பது வயதில் முழங்காலை மடக்கி உள்ளே இறங்கி, திரும்ப எழுந்து வருவது எவ்வளவு பாடு என்பது படத்தில் காரைப் பார்த்துப் புக் செய்கிறவர்களுக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிற சிறு தூரத்துக்குள் மூன்று முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். இன்னோவா போன்ற வண்டியில் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும், உட்கார்ந்து காலை உள்ளே வைத்தால் போதும். நம் பக்கத்தில் எல்லாரும் இன்னோவாவைக் கேட்பது சும்மா இல்லை.

என்னைக் கேட்டால், விமான நிலையத்திலிருந்து வருவதற்கும் விசேஷ நாளுக்கும் டிரைவரோடு மஞ்சள் போர்டு வண்டி எடுங்கள். சொகுசு செடான்தான் வேண்டுமென்றால் அதுவும் டிரைவரோடு கிடைக்கிறது. டிரைவர் அவர்கள் ஆள் என்றால் சேதமும் அவர்கள் தலைவலி. அந்த 75,000 பேச்சே இல்லை. தம்பிக்கு ஓட்டும் ஆசை இருந்தால் நடுவில் ஒன்றிரண்டு நாள் ஒரு சின்னக் கறுப்பு போர்டு வண்டியை எடுத்துப் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று பிள்ளைகளை அழைத்துப் போகட்டும்.

டிரைவர் வண்டியிலும் கணக்கு உண்டு. வெளியூர் வாடகைக்கு நாளுக்கு 250 கிலோமீட்டர் குறைந்தபட்சம் என்று போடுவது வழக்கம். நாள் என்பது ராத்திரி 12 மணிக்கு 12 மணி. விமானம் இரவு பத்தரைக்கு இறங்கினால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை. அந்த ராத்திரிக்கு மட்டும் 'ட்ராப்' என்று பேசுங்கள். விமான நிலையத்திலிருந்து பள்ளத்தூர் சுமார் 80 கிலோமீட்டர்தான். பேட்டா, டோல், பார்க்கிங், ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று முன்பே கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் டிரைவருக்கு ராத்திரி படுக்க ஓர் இடம் கொடுங்கள். அவ்வளவு பெரிய வீட்டில் முகப்பில் ஒரு பாய்க்கும் ஃபேனுக்கும் குறையில்லை. கார் சீட்டிலேயே சாய்ந்து கிடந்துவிட்டு விடியற்காலையில் ஓட்டுகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

இல்லை, தானேதான் ஐந்து நாளும் ஓட்டுவேன் என்று தம்பி நின்றால் சரி, பேச வேண்டியதைப் பேசிவிடட்டும். ஐந்து நாள் வாடகையும் சென்னைக் கூலியும் சேர்ந்து 79,000, பெட்ரோல் தனி. கிலோமீட்டர் வரம்பை நாளுக்கு 200 என்று வைக்காமல், ஐந்து நாளுக்கும் சேர்த்து 1,000 என்று எழுதி வாங்கட்டும். ராமேஸ்வரம் போய்வரச் சுமார் 300 ஆகும். நாள் கணக்கு என்றால் அன்று மட்டும் 6,000 ரூபாய் கூடுதல், மொத்தக் கணக்கு என்றால் ஒன்றும் இல்லை. மீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது என்றும் கேளுங்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். 9,000 வாங்கிக்கொண்டு அந்த ஓட்டத்தையும் உங்கள் கணக்கில் எழுதினால் ஒரே சரக்குக்கு இரண்டு விலை.

டெபாசிட் 1 லட்சத்தைக் கார்டில் பிடித்து மட்டும் வைக்கிறார்களா, எடுத்தே விடுகிறார்களா? பிடித்து வைத்தால் விடுவித்ததும் முடிந்தது. சிங்கப்பூர்க் கார்டிலிருந்து எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் போகும்போது ஒரு மாற்று விலை, வரும்போது ஒரு மாற்று விலை; நடுவில் நஷ்டம் தம்பிக்கு.

சாவியை வாங்கும்போது வண்டியை வெளிச்சத்தில் நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டும். அப்போதுதான் கழுவி ஈரமாகக் கொண்டுவந்து நிறுத்தினால் துடைக்கச் சொல்லுங்கள், ஈரத்தில் கீறல் தெரியாது. நான்கு ரிம், முன் பம்பரின் கீழ் விளிம்பு, கண்ணாடி, கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் வர வேண்டும். எடுத்த உடனே அதைக் கம்பெனி வாட்ஸ்அப்பிற்கு அனுப்பிவிடட்டும். திருப்பித் தரும்போது விமானத்துக்கு நேரமாச்சு என்று சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஓடினால்தான் வம்பு. ஆள் வந்து பார்த்து 'புதிய சேதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கிளம்ப வேண்டும். அதையும் மீறிப் பிடித்தம் செய்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நீங்கள் பணம் கட்டியிருந்தால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம்.

பூ அலங்காரத்துக்கு வருகிறேன். கம்பெனியிடம் கேட்டு, சரி என்று எழுத்தில் வந்த பிறகு செய்யுங்கள். சில ஒப்பந்தங்களில் கூடாது என்றே இருக்கும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். வெயிலில் காய்ந்து உரிக்கும்போது பெயிண்ட் மேல் தடம் நிற்கும், பாலீஷ் செலவு என்று பிடிப்பார்கள். காந்தம் வைத்து ஒட்டுவார்கள், அதுவும் பல சொகுசு வண்டிகளில் நடக்காது, பானெட் அலுமினியம். துணி ரிப்பனில் பூவைக் கோத்து, பானெட் இடுக்கில் கொடுத்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவதால் டயருக்கு ஒன்றும் ஆகாது, தேங்காயைத்தான் பம்பருக்கு எட்டத்தில் உடைக்க வேண்டும். சந்தனம், குங்குமம், மஞ்சள் நீர் எல்லாம் ஆன கையோடு அப்பச்சியும் ஆத்தாளும் ஏறுவார்கள். பின் சீட்டில் முன்கூட்டியே ஒரு பழைய வேட்டியை இரட்டையாக மடித்து விரித்துவிடுங்கள். வெளிர் நிறத் தோல் சீட்டில் மஞ்சள் பட்டால் உட்புறச் சுத்தம் என்று தனி பில் வரும்.